சாலையும் தடமும்

தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் குறிக்கின்றது. அவ்வெல்லை மலையின் நிழலில் வாழும் பேறு, சித்தூரிலும் திருப்பதியிலும் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு வாய்த்திருக்கின்றது. எல்லையைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. ஆயின், அவ்வெல்லையைக் கடந்து செல்லும் வழிகளைப் பற்றி நாம் எண்ணுவது குறைவு. அவ்வழிகளை மிதிவண்டிக்காரன் கண்கொண்டு நோக்கினால், ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இவ்விரண்டு ஊர்களும் எத்துணை வேறுபட்டவை என்பது புலனாகும்.

வழி இருவகைப்படும். ஒன்று சாலை, மற்றொன்று தடம். ஆள்வோர் அளந்து, கல்லிட்டு, செப்பனிட்டுத் தருவது சாலை. மனிதரும் மாடும் நெடுங்காலம் நடந்து நடந்து ஆக்கிக்கொண்டது தடம். இவ்விரண்டிற்கும் மிதிவண்டிக்கும் உள்ள உறவு வியப்புக்குரியது.

இன்று நாம் காணும் மிதிவண்டியின் வடிவம், 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் வெளியிட்ட ‘ரோவர்’ வண்டியினின்றும் வந்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த சக்கரப்பட்டையை அமைத்தார். மோட்டார் வண்டி பெருகுவதற்கு முன்னரே, நல்ல சாலை வேண்டுமென்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சங்கம் கூட்டி வாதாடியவர்களுள் முன்னின்றவர் மிதிவண்டிக்காரரே ஆவர். அவர்கள் கேட்டுப் பெற்ற சாலையைப் பின்னர் மோட்டார் வண்டி தனதாக்கிக்கொண்டது. உழுதவன் ஒருவன், அறுத்தவன் மற்றொருவன் என்ற கதைதான்!

சாலையில் இடமிழந்த மிதிவண்டி மீண்டும் தடத்தை நாடியது. 1955இல் இங்கிலாந்தில், கரடுமுரடான மலைவழிகளில் மிதிவண்டி செலுத்துவோர் தமக்கென ஒரு கழகம் கண்டனர். 1970ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமால்பாயிஸ் என்னும் மலையின் மண்வழிகளில் பழைய கனத்த வண்டிகளை உருட்டி இறங்கிய இளைஞர்களால் மலை மிதிவண்டி பிறந்தது. 1896இல் ஏதென்சு ஒலிம்பிக்கிலேயே சாலைப் பந்தயம் இடம்பெற்றுவிட்டது. மலைத்தடப் பந்தயமோ சரியாக நூறாண்டு கழித்து, 1996இல் அட்லாண்டாவில்தான் இடம்பெற்றது. சாலை முந்திற்று, தடம் பிந்திற்று.

இனி நம் ஊர்களுக்கு வருவோம்.

சித்தூர் சாலையால் வளர்ந்த ஊர். 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன், வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக இவ்வூர் விளங்கியது. சென்னையையும் பெங்களூரையும் இணைத்த பழைய பெருவழி இராணிப்பேட்டை, சித்தூர், பலமனேர் வழியாகவே சென்றது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் முந்நூறு மீட்டரில் இருக்கும் சித்தூரிலிருந்து, மொகிலிக் கணவாயில் ஏறி, அறுநூறு மீட்டருக்கும் மேலுள்ள பலமனேரை அடைந்தால் மைசூர்ப் பீடபூமியின் வாயிலில் நிற்கின்றோம். தெற்கே திரும்பினாலோ, சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டரில் வேலூர். நெடுந்தொலைவு செல்ல விழையும் மிதிவண்டிக்காரனுக்கு இதனினும் வாய்ப்பான ஊர் அரிது. சென்னையையடுத்த அம்பத்தூரில் 1949இல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையின் வண்டிகள் பரவிய காலத்தில், அலுவலகம் செல்வோரும் பால் கொணர்வோரும் ஆசிரியரும் ஒரே சாலையில் ஒப்ப மிதித்துச் சென்றனர். சாலை அன்று எல்லார்க்கும் பொதுவாயிருந்தது.

திருப்பதியோ தடத்தால் வளர்ந்த ஊர். அலிபிரியிலிருந்து மலையேறும் வழியில் ஏறத்தாழ 3,550 படிகள். சந்திரகிரிக்கு அருகிலுள்ள சீனிவாசமங்காபுரத்துப் பக்கமிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு வழியில் ஏறத்தாழ 2,400 படிகள். இராமாநுசர் மலையின்மேற் காலடி வைக்க அஞ்சி முழங்காலால் ஏறினார் என்பது வழிவழி வரும் செய்தி. அலிபிரி வழியில் அதனை நினைவூட்டும் இடத்தை இன்றும் காணலாம். 1944ஆம் ஆண்டு வரை திருமலைக்கு வண்டி செல்லும் சாலையே இல்லை. செல்வரும் வறியரும் நடந்தே ஏறினர். இயலாதார் டோலியில் சென்றனர். 1944 ஏப்ரலில் மலைச்சாலை திறக்கப்பட்டது. 1974இல் இரண்டாம் சாலையும் வந்தது. இன்று பழைய சாலை இறங்குவதற்கும் புதிய சாலை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. இருந்தும் படிவழி பாழ்பட்டுப் போகவில்லை. விரைவுக்குச் சாலை; நேர்த்திக்கடனுக்குத் தடம் என்று மக்கள் தாமே வகுத்துக்கொண்டனர்.

அங்ஙனமாயின், கலிபோர்னிய இளைஞரைப் போல நம் இளைஞரும் சேஷாசலத்தில் மிதிவண்டியைச் செலுத்தலாகாதோ என்று கேட்பார் உளர். ஆகாது. திருவேங்கடவன் பெயராலமைந்த தேசியப் பூங்கா 1989 முதலும், சேஷாசல உயிர்க்கோளக் காப்பகம் 2010 முதலும் அக்காட்டைக் காத்து வருகின்றன. செம்மரமும் சிறுத்தையும் அங்கே உரிமைக்குடிகள், நாம் விருந்தினர். 2023 ஆகஸ்டில், பெற்றோருடன் படிவழியே சென்ற சிறுமி ஒருத்தி சிறுத்தையால் உயிரிழந்த துயரம் நம் நெஞ்சை விட்டு அகலாது. அதன் பின்னரே சிறுவர் ஏறுவதற்கு நேரக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. அடியவர் பாதத்திற்கும் விலங்கின் வாழ்வுக்கும் உரிய தடத்தில் சக்கரம் உருளுதல் முறையன்று.

மறுபக்கம், சித்தூர்ச் சாலையோ இன்று அகன்ற நெடுஞ்சாலை. சுமையுந்துகளின் ஆட்சிக்கு உட்பட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அதில் மிதிவண்டியுடன் அனுப்பும் துணிவு எந்தத் தாய்க்கு வரும்? ஓர் ஊரில் தடம் சக்கரத்திற்கு உரியதன்று. மற்றோர் ஊரில் சாலை சிறுவர்க்கு உரியதன்று. நம் குழந்தைகள் வீட்டு வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர். காலனிக்கு வெளியேயுள்ள நாட்டை அறியாமலே வளர்கின்றனர்.

இதற்கு விடை பெருவழியிலும் இல்லை, மலையுச்சியிலும் இல்லை. சித்தூர் வட்டாரத்து மாந்தோப்புகளுக்கும் கரும்புக் கொல்லைகளுக்கும் இடையே ஓடும் மாட்டுவண்டிப் பாதைகளும், ஏரிக்கரை வழிகளும், ஊர்களை இணைக்கும் சிறு சாலைகளும் நமக்கு உள்ளன. அவற்றில் வேகம் இல்லை, அச்சமும் குறைவு. சாலையின் ஒழுங்கையும் தடத்தின் பொறுமையையும் ஒருங்கே கற்பிக்கும் பள்ளி அதுவே. வண்டியை நிறுத்தி வழி கேட்கும் சிறுவன் தெலுங்கும் பேசுவான், தமிழும் பேசுவான். இரு மொழியிலும் விடை பெறுவான்.

1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகிச் சித்தூரினின்றும் பிரிந்தது. கோடுகள் மாறிக்கொண்டே வந்தன. சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் வழியும், திருப்பதியிலிருந்து திருத்தணிக்குச் செல்லும் வழியும் மட்டும் என்றும் போல மக்களைச் சுமந்து நிற்கின்றன. பிழைப்பை நாடிப் பெயர்ந்து வந்த நமக்கு, வாழும் ஊரைச் சொந்த ஊராக்கித் தருவன அவ்வூரின் வழிகளே. ஆதலின், பெற்றோரே, விடுமுறை நாளின் விடியலில் பிள்ளைகளோடு மிதிவண்டியில் புறப்படுங்கள். மலையடி வந்ததும் இறங்கி, வண்டியைச் சாய்த்துவிட்டு, கால்நடையாய் ஏறுங்கள். எங்கே மிதிப்பது, எங்கே இறங்கி நடப்பது என்று அறிந்தவனே வழியறிந்தவன்.