மூச்சைப் பிடித்தவர்கள்

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடல் தெரியாது, கிணறு தெரியும். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தா நதியும் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கின்றன என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. மணிமுக்தா என்று பெயர்தானே ஒழிய, அதில் முத்தெடுத்தவனை நான் கண்டதில்லை. நாங்கள் எடுத்ததெல்லாம் பத்துப் பைசாதான். காசைக் கிணற்றில் எறிந்துவிட்டுக் கூடவே பாய வேண்டும். காது அடைக்கும், நெஞ்சு வெடிக்கும். காசோடு மேலே வந்தவன் அன்று முழுவதும் ராஜா.

முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்தக் கிணறு எனக்கு ஞாபகம் வந்தது மன்னார் வளைகுடாவில். பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே சரம் கோத்தாற்போல் 21 தீவுகள். ஒரு நாள் படகுப் பயணம் போனோம். கண்ணையும் மூக்கையும் மூடும் ஒரு கண்ணாடி. வாயில் கவ்விக்கொள்ள வளைந்த குழாய். முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்து மிதந்துகொண்டே மூச்சு விடலாம். ஸ்நார்க்கல் என்கிறார்கள். கீழே பவளப் பாறை மூளையைப் போலவும் மான் கொம்பைப் போலவும் கிடந்தது. கோடு போட்ட மீன்கள் என்னைச் சட்டை செய்யாமல் போய்வந்தன. அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

மேலே ஏறியதும் படகுக்காரப் பிள்ளை சிரித்தான். "எங்க தாத்தா சங்கு குளிக்கத் தூத்துக்குடிக்குப் போனவருங்க ஐயா. இந்தக் குழாய் கிழாய் ஒண்ணும் கிடையாது. ஏழெட்டுப் பாகம் இறங்குவாராம்."

ஏழு பாகம் என்றால் நாற்பது அடிக்கு மேல்! என் கிணற்றுப் பெருமை அங்கேயே கரைந்தது.

இந்தக் கடலில் மனிதன் மூழ்குவது நேற்று வந்த பொழுதுபோக்கு அல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் வியாபாரத்துக்கு வந்த ஒரு கிரேக்க மாலுமியின் குறிப்பு, பாண்டியனுடைய கொற்கைத் துறையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. கொற்கை முத்தைப் பற்றிப் பெருமை பேசும் நாம் இந்த ஒரு வரியைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ பங்குக் கணக்கையே எழுதி வைத்தான். அரசனுக்குப் பத்தில் ஒன்று. சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்று. அந்த மந்திரக்காரருக்குக் கடல்கட்டி என்று பெயர். இலங்கைக் கரையில் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார சர்க்காரே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. துரைகளுக்கு மந்திரத்தில் நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, கடல்கட்டி வராமல் குளியாளி தண்ணீரில் இறங்க மாட்டான் என்பது தெரிந்திருந்தது.

குளியாளி இறங்கியது எப்படி? கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைப்பான்; கல் அவனை அடிக்குக் கொண்டுபோகும். கைக்கெட்டிய சிப்பியை வலைப்பையில் வாரிப் போட்டுக் கயிற்றை அசைப்பான். ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை. மேலே கயிறு பிடிப்பவன் மனைவியின் தம்பியாக இருக்க வேண்டும் என்று கடற்கரையில் சொல்வது உண்டு. அக்காள் தாலிக்கு அவனைவிடக் காவல் யார்?

1530களில் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் துணை தேடிக் கிறிஸ்தவ மதம் தழுவினார்கள். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போயிற்று, பிறகு ஆங்கிலேயர். சலாபம் நடக்கும்போதெல்லாம் கரையில் கொட்டிய சிப்பியைப் பங்கு பிரித்தார்கள். ஆங்கில சர்க்கார் காலத்தில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளியாளிக்கு. எத்தனை லட்சம் சிப்பி என்பதற்குத் துல்லியமான கணக்கு உண்டு. கீழே அவன் என்ன கண்டான் என்று கேட்டு எழுதிய துரையை நான் தேடித் தேடிச் சலித்தேன். கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. அதன்பின் ஒரு சலாபம் நடத்தும் அளவுக்குச் சிப்பி விளையவில்லை.

முத்துப் போனபின் பவளப் பாறையைப் பிடித்தார்கள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பாறையை வெட்டி வெட்டி, அலையைத் தாங்க ஒன்றும் இல்லாமல், விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 21 என்பது ஏட்டுக் கணக்கு. 1986இல் தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2001இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். செய்யத்தான் வேண்டும்; நான் கண்ட மீன்கள் அந்தச் சட்டத்தின் தயவில் உயிரோடிருப்பவை.

ஆனால் வேலி போட்டால் வெளியே நிற்பவர் ஒருவர் உண்டல்லவா? தலைமுறையாய்த் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் பாம்பன் பக்கத்துக் குப்பங்களில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். பூங்கா வந்தபின் தீவுக் கரை அவர்களுக்கு விலக்கப்பட்டது. பிற்பாடு குருசடைத் தீவுக்குச் சுற்றுலாப் படகு விட்டபோது, டிக்கெட் வாங்கிய என்னைப் போன்றவர்கள் அங்கே இறங்கி நடந்தோம். பாசி மறுபடி வளரட்டும் என்று வருஷத்தில் சில வாரம் அந்தப் பெண்கள் தாங்களாகவே கடலுக்குப் போகாமல் இருக்கிறார்கள் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

திரும்பும்போது அவர்கள் படகு ஒன்று எங்களைக் கடந்து போயிற்று. ஏழெட்டுப் பேர், சேலைமேல் ஆண்பிள்ளைச் சட்டை, பாறை கிழிக்காமல் விரல்களில் சுற்றிய துணி, நடுவில் ஈரப் பாசிக் குவியல். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி என்னுடையதைப் போலவே இருந்தது. குழாய் மட்டும் யாரிடமும் இல்லை.

"அக்கா, எத்தனை நேரம்?" என்று எங்கள் படகுக்காரப் பிள்ளை குரல் கொடுத்தான்.

"காலையில ஏழு மணிக்கு இறங்கினோம்" என்றாள் ஒருத்தி. மணி அப்போது ஒன்று.