டிராகனைக் கொன்றது யார்? மறக்கப்பட்ட ஒரு மாயாஜாலப் படத்தின் கதை

மாயாஜாலப் படம் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு விட்டலாச்சார்யா நினைவுக்கு வருவார். பிள்ளைகளுக்கோ ஹாரி பாட்டர். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1981ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி அமெரிக்காவில் திரைக்கு வந்து, போட்ட பணத்தைக்கூட எடுக்காமல் மறைந்துபோன ஒரு படத்தைப் பற்றிச் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். படத்தின் பெயர் 'டிராகன்ஸ்லேயர்'. தமிழில் 'டிராகனைக் கொன்றவன்' எனலாம். கொன்றவன் யார் என்பதுதான் இந்தப் படம் கேட்கும் கேள்வி. படம் உருவான வரலாற்றைப் புரட்டினாலும் ஏறக்குறைய அதே கேள்விதான் வந்து நிற்கிறது.

நம் வட்டாரத்தில் டிராகனை அறியாதவர் இல்லை. சீனப் பெருநாளின்போது மேளச் சத்தத்தோடு கடைத்தெருவில் ஆடி வரும் டிராகன் மங்கலச் சின்னம். மழையும் வளமும் தருவது என்பார்கள் நம் சீன நண்பர்கள். ஐரோப்பியக் கதைகளில் வரும் டிராகன் அப்படிப்பட்டதல்ல. குகையில் பதுங்கி, நெருப்பைக் கக்கி, வயலையும் வீட்டையும் எரித்து, உயிர்ப்பலி கேட்பது. மகாபாரதத்தில் ஏகசக்கர நகரத்து மக்கள் முறைவைத்துப் பகாசுரனுக்கு வண்டிச் சோறும் ஆளும் அனுப்பினார்களே, அந்தப் பகாசுரனுக்கு நெருங்கிய சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதை ஆறாம் நூற்றாண்டில், அர்லாண்ட் என்னும் கற்பனை நாட்டில் நடக்கிறது. வெர்மித்ராக்ஸ் என்ற கிழட்டு டிராகனை வெல்ல முடியாத அரசன் அதனோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறான். ஆண்டுக்கு இருமுறை, பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில், சீட்டுக் குலுக்கிப்போட்டு ஒரு கன்னிப்பெண்ணைப் பலி கொடுப்பது. நாட்டிலுள்ள எல்லாப் பெண்களின் பெயரும் பானைக்குள் இருக்கும் என்பது சட்டம். பணம் கொடுக்க முடிந்தவர்களின் மகள்கள் பெயர் மட்டும் எப்படியோ உள்ளே போவதில்லை. அரசனின் மகள் பெயரும் ஒருநாளும் போனதில்லை. ஒரு கொல்லன் தன் மகளைக் காப்பாற்ற அவளைப் பிறந்தது முதல் ஆண்பிள்ளையாகவே வளர்க்கிறான். அந்த வலேரியன்தான் ஊராரைத் திரட்டிக்கொண்டு, உல்ரிச் என்னும் முதிய மந்திரவாதியிடம் உதவி கேட்கப் புறப்படுகிறாள்.

இந்த இடத்தில்தான் படம் வழக்கமான மாயாஜாலக் கதையிலிருந்து விலகுகிறது. உண்மை தெரிந்ததும் இளவரசி எல்ஸ்பெத் அப்பாவோடு சண்டை போட்டு அழவில்லை. அடுத்த குலுக்கலில் பானை நிறையத் தன் பெயர்ச் சீட்டையே போட்டு வைக்கிறாள். எந்தச் சீட்டை எடுத்தாலும் அவள் பெயர்தான். அரசன் மூச்சுத் திணறி நிற்கிறான். சரி, கதாநாயகன் வந்து காப்பாற்றுவான் என்று நாம் காத்திருந்தால், காப்பாற்றவில்லை. அவள் தானே குகைக்குள் நடந்து போய்ச் சாகிறாள். டிராகன் குஞ்சுகள் அவள் உடலைத் தின்னும் காட்சியையும் படம் மறைக்கவில்லை. கூண்டிலிருந்து இளவரசியை மீட்டு மாலை மாற்றிக்கொள்ளும் கதைகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பெரிய அடி.

படத்தை எழுதியவர்கள் ஹால் பார்வுட், மேத்யூ ராபின்ஸ் என்னும் இருவர். 1974இல் வந்த ஸ்பீல்பெர்க்கின் 'தி ஷுகர்லேண்ட் எக்ஸ்பிரஸ்' படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களும் இவர்களே. 'டிராகன்ஸ்லேயர்' படத்தை ராபின்ஸ் இயக்கினார், பார்வுட் தயாரித்தார். பாராமவுண்ட் நிறுவனமும் வால்ட் டிஸ்னியும் சேர்ந்து 1 கோடியே 80 லட்சம் டாலர் செலவிட்டன. மந்திரவாதி வேடத்தில் பிரிட்டிஷ் நாடக மேடையின் மூத்த நடிகர் சர் ரால்ப் ரிச்சர்ட்சன். சீடன் கேலனாக பீட்டர் மெக்நிக்கோல், வலேரியனாகக் கேட்லின் கிளார்க். இருவருக்கும் அதுதான் முதல் படம். டிராகனின் முன் சிலுவையோடு போய் எரிந்து சாம்பலாகும் பாதிரியார் வேடத்தில் வருபவரை உற்றுப் பாருங்கள். இரண்டே ஆண்டுகளில் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் கொடுங்கோல் பேரரசராகப் புகழ்பெற்ற இயன் மெக்டியார்மிட் அவர்.

ஆனாலும் இந்தப் படத்தின் உண்மையான நாயகன், மன்னிக்கவும், நாயகி, வெர்மித்ராக்ஸ்தான். செலவில் கால்பங்குக்கு மேல் அதன் சிறப்புக் காட்சிகளுக்கே போனது. வேலையை எடுத்துக்கொண்டது ஜார்ஜ் லூக்காஸின் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் பட்டறை. தன் முதலாளியின் படங்களைத் தவிர வெளியார் படத்துக்கு அது கைகொடுத்தது அதுவே முதல் முறை.

அங்கே பில் டிப்பெட் என்ற கலைஞர் செய்த காரியத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். அதுவரை திரையில் பொம்மைப் பிராணிகளை நடக்க வைத்த முறைக்கு ஸ்டாப் மோஷன் என்று பெயர். பொம்மையின் காலை இம்மியளவு நகர்த்துவார்கள், கையை எடுத்துவிட்டு ஒரு படம் பிடிப்பார்கள், மறுபடி நகர்த்துவார்கள். ஒரு விநாடி ஓட்டத்துக்கு 24 படம். ரே ஹாரிஹவுசன் 1963இல் 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்' படத்தில் எலும்புக்கூடுகளை வாள்சண்டை போட வைத்தது இப்படித்தான். அற்புதமான வேலை, ஆனால் அசைவில் ஒரு வெட்டு இருக்கும். காரணம் எளிது. ஓடும் மனிதனைப் படம் பிடித்தால், கேமராவின் மூடி திறந்திருக்கும் அந்த நொடிப்பொழுதிலும் அவன் நகர்கிறான். அதனால் கையும் காலும் கொஞ்சம் கலங்கித் தெரியும். அந்தக் கலங்கலைத்தான் நம் கண் இயல்பான ஓட்டமாக எடுத்துக்கொள்கிறது. பொம்மையோ படம் பிடிக்கும்போது அசையாமல் நிற்கிறது. ஒவ்வொரு படமும் கூர்மையாக விழுவதால் மொத்தத்தில் துடித்துத் துடித்து நகர்வதுபோல் தோன்றும்.

டிப்பெட்டும் சகாக்களும் டிராகன் பொம்மையின் உடம்பிலும் கால்களிலும் கம்பிகளைப் பொருத்தி, அவற்றைக் கணினி இயக்கும் மோட்டார்களோடு இணைத்தார்கள். கேமரா திறந்திருக்கும்போதே பொம்மை நகர்ந்தது. தேவையான கலங்கல் படத்தில் விழுந்தது. 'கோ மோஷன்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்திலேயே இதன் சோதனைகள் தொடங்கிவிட்டன என்றாலும், முழு ஆற்றலோடு பயன்பட்டது இந்தப் படத்தில்தான். பறக்கும் காட்சிகள் கென் ரால்ஸ்டனின் கைவண்ணம். நெருக்கத்தில் தெரியும் தலையும் கழுத்தும் கிறிஸ் வாலாஸ் செய்தவை. நான்கு கால்களோடு தனியாக இறக்கையும் ஒட்டவைத்த டிராகன் அல்ல இது. பின்னங்கால் இரண்டு, முன்னே மடித்த இறக்கைகளையே ஊன்றி வௌவாலைப்போல் ஊர்ந்து வருகிறது. இறந்து கிடக்கும் தன் குஞ்சுகளை மூக்கால் தள்ளிப் பார்த்து, அவை எழாததைக் கண்டு அது கதறும் ஒரு காட்சி உண்டு. பொம்மை என்று தெரிந்தும் மனம் இளகத்தான் செய்கிறது.

இவ்வளவு இருந்தும் படம் ஏன் ஓடவில்லை? முதல் காரணம், வெளியான நேரம். ஜூன் 12இல் 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்', அதே நாளில் ஹாரிஹவுசனின் 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்', அடுத்த வாரம் 'சூப்பர்மேன் 2', இந்தப் படம் வந்த அன்றே ஒரு புதிய ஜேம்ஸ் பாண்ட் படம். இந்த நெரிசலில் யார் கண்ணில் படுவது? இரண்டாவது காரணம் டிஸ்னி என்ற பெயர். அந்தப் பெயரை நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோர் மேலே சொன்ன குகைக் காட்சியைச் சற்றும் எதிர்பார்க்கவில்லை. பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கான தனி எச்சரிக்கைச் சான்றிதழ் அமெரிக்காவில் 1984இல்தான் வந்தது. பெரியவர்களுக்கான படங்களை வெளியிட டிஸ்னி 'டச்ஸ்டோன்' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டதும் அதே ஆண்டில்தான். மூன்று ஆண்டு முந்திப் பிறந்துவிட்ட படம் இது. வட அமெரிக்காவில் கிடைத்த வசூல் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் டாலர் மட்டுமே.

திரையரங்கில் தோற்ற படத்துக்கு வீடியோ மறுவாழ்வு தரும் என்பார்கள். இந்தப் படத்துக்கு வீடியோ முதலில் செய்தது உபகாரமா என்பதே சந்தேகம். தொலைக்காட்சித் துறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். படம் எடுக்கப்பட்டது அகலத்திரையில். அகலம் 2.35 பங்கு என்றால் உயரம் 1 பங்கு. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் அகலமோ 1.33 பங்குதான். பெட்டியை நிறைக்க வேண்டும் என்பதற்காக இரு பக்கமும் வெட்டினால், 100இல் ஏறத்தாழ 43 பங்கு படம் காணாமல் போகும். டிராகனின் தலை தெரிந்தால் இறக்கை இல்லை, இறக்கை தெரிந்தால் வால் இல்லை. போதாக்குறைக்கு ஒளிப்பதிவாளர் டெரெக் வான்லிண்ட் குகைக் காட்சிகளைத் தீப்பந்த வெளிச்ச அளவில், அரை இருட்டில் படமாக்கியிருந்தார். வீடியோ நாடாவில் அந்த இருட்டு வெறும் சேறாகிப்போனது. படம் சுமார் என்று சொன்ன பலர் பார்த்தது பாதிப் படத்தைத்தான்.

2003இல் டிவிடி வந்தபோது அகலம் திரும்பக் கிடைத்தது. இருபது ஆண்டு கழித்து, 2023இல், புதுப்பிக்கப்பட்ட 4கே வட்டும் புளூரேயும் வெளிவந்தன. இருட்டுக்குள் என்ன இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த வட்டில் ராபின்ஸோடு உட்கார்ந்து காட்சிக்குக் காட்சி பேசுகிறவர் ஆஸ்கர் விருது பெற்ற இயக்குநர் கில்லர்மோ டெல் டோரோ. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினும் வெர்மித்ராக்ஸைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர். 2011இல் வந்த அத்தொடரின் முதல் பருவத்தில், பழைய டிராகன்களின் பெயர்களைச் சொல்லும் இடத்தில் வெர்மித்ராக்ஸ் என்ற பெயரும் ஒலிக்கிறது. ராபின்ஸ் பிறகு இந்தியத் திரையுலகின் பக்கமும் வந்தார். விஷால் பரத்வாஜின் '7 கூன் மாஃப்' (2011), இந்திய தேசிய ராணுவக் காலத்தைப் பின்னணியாகக் கொண்ட 'ரங்கூன்' (2017) ஆகிய இந்திப் படங்களின் எழுத்தில் அவர் பங்கு உண்டு.

இனி தலைப்பின் கேள்விக்கு வருகிறேன். டிராகனைக் கொல்வது உண்மையில் முதிய மந்திரவாதி. சாம்பலிலிருந்து எழுந்து, டிராகன் தன்னைத் தூக்கிப் பறக்கும்போது, தன் உயிர் அடங்கிய கல்லை உடைக்கச் சொல்லி அதோடு தானும் வெடித்துச் சிதறுகிறார். புகை அடங்குவதற்குள் ஊரார் கூடி, இது ஆண்டவனின் அருள் என்று மண்டியிடுகிறார்கள். பிறகு அரசன் பரிவாரத்தோடு வருகிறான். செத்துக் கிடக்கும் டிராகனின் உடலில் வாளை ஒரு குத்துக் குத்துகிறான். 'டிராகனைக் கொன்ற மாமன்னர்' என்று கட்டியக்காரன் முழங்குகிறான். வேலை செய்த இருவரும் ஓரமாக நடையைக் கட்டுகிறார்கள்.

வெர்மித்ராக்ஸை உருவாக்கியவர்களுக்கும் ஏறக்குறைய இதே அனுபவம். 1982 ஆஸ்கரில் சிறப்புக் காட்சிப் பிரிவில் போட்டியிட்டவை இரண்டே படங்கள். இரண்டிலும் அதே பட்டறையின் வேலை. விருதை 'ரெய்டர்ஸ்' எடுத்துக்கொண்டது. இசைக்காகப் பரிந்துரைக்கப்பட்ட அலெக்ஸ் நார்த்தும் 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' இசையிடம் தோற்றார். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்காக அவர் எழுதி, குப்ரிக் ஒதுக்கிவிட்ட இசையின் சில பகுதிகள் இந்தப் படத்திலும் ஒலித்தன. கோ மோஷனுக்கும் ஆயுள் நீளவில்லை. 1993இன் 'ஜுராசிக் பார்க்' டைனோசர்களை அந்த முறையில்தான் டிப்பெட் செய்வதாக இருந்தது. கணினியில் வரைந்த டைனோசர் நடந்து காட்டியதும் ஸ்பீல்பெர்க் மனம் மாறினார். தானும் அந்தப் பிராணிகளைப்போல் அழிந்துபோன இனமாகிவிட்டதாக டிப்பெட் சொன்ன பேச்சு அந்தப் படத்தின் வசனமாகவே ஆனது. அந்தக் கணினி வேலைக்குத் தலைமை தாங்கிய டென்னிஸ் மியூரன், 'டிராகன்ஸ்லேயர்' படத்துக்காக டிப்பெட்டோடு சேர்ந்து பரிந்துரைக்கப்பட்ட அதே மியூரன்தான். டிப்பெட்டை ஸ்பீல்பெர்க் விட்டுவிடவில்லை. டைனோசர் எப்படி நடக்கும், எப்படித் திரும்பும் என்று சொல்லிக்கொடுக்க அவரை வைத்துக்கொண்டார். அந்த ஆஸ்கரை இருவரும் சேர்ந்தே வாங்கினார்கள்.

படத்தைத் தேடிப் பார்க்க விரும்புவோர் பழைய வீடியோ நாடாவிலிருந்து எடுத்த பிரதிகளைத் தவிர்க்கவும். வட்டின் அட்டையில் அகலத்திரை என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு.