நிவித்திகல: பாரம்பரியமும் அரச நிதியும்

நிவித்திகல, இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில் இரத்தினபுரி மாவட்டத்தைச் சேர்ந்த சிறு நகரம். அதே பெயரில் ஒரு பிரதேச செயலகப் பிரிவும், ஒரு பிரதேச சபையும், மாவட்டத்தின் எட்டுத் தேர்தல் தொகுதிகளில் ஒன்றும் உள்ளன. இரத்தினபுரி நகருக்குத் தெற்கே, கலவானைக்கும் சிங்கராஜ வனத்துக்கும் போகும் திசையில் இது அமைந்திருக்கிறது. பழைய கண்டி நிர்வாகப் பிரிவுகளில் நவதுன் கோறளையைச் சேர்ந்தது. இரத்தினக்கல், இறப்பர், தாழ்நாட்டுத் தேயிலை ஆகிய மூன்றும் இங்கு அருகருகே இருக்கின்றன. சிங்களக் கிராமமும் தமிழர் வாழும் தோட்டமும் அடுத்தடுத்து இருந்தாலும், இரண்டுக்கும் அரசாங்கப் பணம் வந்த வழிகள் வேறு.

தோட்டங்களுக்கு முன்பே கல் இருந்தது. வயலடியிலும் ஆற்றங்கரையிலும் குழி வெட்டி, கல் கலந்த சரளை அடுக்கை எட்டி, அதை மேலே ஏற்றிக் கூடையில் கழுவி அரிக்கும் முறை பல நூற்றாண்டுப் பழமையானது. வருமானம் கூலியாக அல்லாமல் பங்காகப் பிரிக்கப்படும். நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரம் எடுத்தவருக்கு ஒன்று, நீர் இறைக்கும் இயந்திரத்தின் சொந்தக்காரருக்கு ஒன்று, மிச்சம் குழியில் இறங்கியவர்களுக்கு. தோட்டத்து இளைஞர்களும் குழி வேலைக்குப் போவதுண்டு. சொந்தமாக ஒரு சாண் நிலமும் இல்லாதவருக்கு நிலப் பங்கு எப்படிக் கிடைக்கும்? 1971இல் இரத்தினக்கல் கூட்டுத்தாபனமும், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய இரத்தினக்கல், தங்க ஆபரண அதிகார சபையும் ஏற்பட்டன. குழியைத் திரும்ப மூடுவதற்கான வைப்புப் பணத்தையும் இந்தச் சபையே வாங்கி வைத்துக்கொள்கிறது.

சப்ரகமுவ தனி மாகாணமானது 1889இல். இறப்பர் விலை ஏறிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குள்ள குன்றுகளில் இறப்பர் வேகமாகப் பரவியது. களனிவெளி குறும்பாதை ரயில் 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓபநாயக்கவையும் எட்டியது. பால் வெட்டவும் கொழுந்தெடுக்கவும் கங்காணிமார் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். கடனைச் சுமத்தி ஆளைத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது. தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கும் கடமையை 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்தை நடத்திய துரையின் தலையில் சுமத்தியது. மருந்து, தண்ணீர், லயம் எனப்பட்ட வரிசை வீட்டின் கூரை எல்லாமே துரையின் பொறுப்பு. தோட்ட எல்லைக்குள் அரசாங்கம் செலவழிக்க வேண்டியதில்லை என்ற வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. நூறாண்டு கழித்தும் அதன் பிடி விடவில்லை.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் இடையிலான இந்தப் பிளவைப் பெரிதாக்கியது. தோட்ட மக்களில் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். ஆனால் தொகுதி எல்லை வகுக்கையில் மொத்த சனத்தொகையே கணக்கில் எடுக்கப்பட்டது. வாக்கில்லாதவரின் தலைகள் தொகுதியின் எண்ணிக்கையை நிரப்பின. ஆசனம் அயல் கிராமத்து வாக்காளரின் கையில் இருந்தது. 1974இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவுத்திட்டம் தொடங்கி, பாலம், மதகு, பள்ளிக்கூரைக்கான பணம் நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரையில் செலவானபோது, வாக்கில்லாத லயத்துக்கு அதில் பேசும் வாய் இல்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல குடும்பங்கள் இந்தியா போய்விட்டன. இருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கல் 1986, 1988, 2003 ஆண்டுச் சட்டங்களால்தான் தீர்ந்தது.

1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. அரசே முதலாளி ஆகிவிட்டால் அரச நிதியும் வந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்குப் பஞ்சகாலம்தான் முதலில் வந்தது. தோட்டப் பள்ளிகளை மட்டும் 1977 முதல் அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டன. 1983 யூலையில் மீண்டும். பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. சப்ரகமுவத் தோட்டத் தமிழரின் வரலாற்றை நுவரெலியாவின் வரலாற்றோடு சேர்த்து எழுதுவது வழக்கம். அது பொருந்தாது. அங்கே தோட்ட மக்கள் பெரும்பான்மை. இங்கே சிதறிக் கிடக்கும் சிறு தொகை. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் சுமார் 10.9 இலட்சம் பேரில் இந்தியத் தமிழர் எனப் பதிந்தவர் சுமார் 62,000. இலங்கைத் தமிழர் எனப் பதிந்த சுமார் 54,000 பேரிலும் பலர் தோட்டத்து வழியினரே. தொழிற்சங்கத் தலைமையும் அமைச்சுப் பதவியும் நுவரெலியாவில் இருந்ததால், நிதியும் முதலில் அங்கேயே நின்றது.

1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசினது, குத்தகை 53 ஆண்டுகளுக்கு, அதாவது 2045 வரை. வீடு, சுகாதாரம், பிள்ளைக்காம்பரா எனும் குழந்தைக் காப்பகம் ஆகியவற்றைப் பார்க்க அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த நம்பிக்கை நிதியம் உருவாயிற்று. இப்போதைய பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம்.

கிராமத்துக்குப் பணம் வரும் பாதை வேறு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பின், நிதி ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு மாகாண சபைக்கு மானியம் தருகிறது. பள்ளி, மருந்தகம், மாகாணத் தெரு முதலியவற்றுக்கு அது பகிரப்படும். சப்ரகமுவ மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பரில். 2017இல் காலம் முடிந்ததிலிருந்து ஆளுநரே நடத்துகிறார். அடுத்த படியில் பிரதேச சபை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. சபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், அந்தச் சபையிடம் தெருவிளக்கு கேட்கக் கூடாது! முப்பத்தோர் ஆண்டுகள் கழித்து, 2018இல்தான் இந்தப் பிரிவு திருத்தப்பட்டது. மலையகப் புதிய கிராமங்களுக்கான அதிகார சபையும் அதே ஆண்டு சட்டமானது. இந்த இரண்டில், நிவித்திகல போன்ற இடங்களுக்குப் பெரிய மாற்றம் 33ஆம் பிரிவுதான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அதிகார சபைக்குப் பொறுப்பான அமைச்சர் கொழும்பில் இருக்கிறார்; பிரதேச சபை உறுப்பினர் சந்தையில் எதிர்ப்படுவார்.

தோட்டங்கள் பேணிவந்த மரபுக்கு இந்த நிதிகள் எதிலும் பெரிய இடமில்லை. காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கூத்தும், மாரியம்மன் திருவிழாவும் சந்தாப் பணத்திலேயே நடந்து வந்தன. தப்படித்து எல்லோரையும் கூட்டும் வழக்கம், காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்துக்கும் இருந்தது, கோயிலுக்கும் இருந்தது. ஆட்கள் கொழும்புக்கு வேலைக்குப் போனபின், கூத்துக்கு வேஷம் கட்ட ஆள் கிடைப்பதே பாடு.

நாள் வேலைக்கு வரும் சம்பளத்திலும் இப்போது அரச பணம் கலந்திருக்கிறது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயும், 2024இல் 1,350 ரூபாயும் ஆனது. 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத்திட்டம் அதை 1,550 ரூபாயாக்கி, வேலைக்கு வந்த நாளுக்கு 200 ரூபாயை அரசே தருவதாக முன்மொழிந்தது. வீட்டுக்கு இந்திய அரசின் உதவியும் உண்டு. 2017 மேயில் நோர்வூட்டில் நரேந்திர மோடி அறிவித்த 10,000 வீடுகள் திட்டத்தில் சப்ரகமுவவும் அடங்கும். வீட்டோடு ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காணி என்பது கணக்கு. அந்தக் காணியைக் கம்பனியின் குத்தகைப் பரப்பிலிருந்து விடுவித்து, அளந்து, உறுதிப்பத்திரம் எழுதும் வேலையிலேயே வீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் தாமதப்படுகின்றன.