மாத்தளையிற் கலியாணச் சாராயக் கணக்கு

விவாகம் நிச்சயமான வீட்டில் அரிசி, பருப்பு, தேங்காய் ஆகியவற்றின் கணக்கு நடுக்கூடத்திற் பெரியோர் முன்னிலையில் வெளிப்படையாகப் பேசப்படும். சாராயத்தின் கணக்கோ, மணப்பந்தலில் அதற்கு இடமில்லையாதலால், கொல்லைப்புறத்தில் மைத்துனர்மாருக்குள் தாழ்ந்த குரலிற் பேசப்படும். எத்தனை போத்தல் வேண்டுமென்னும் அக்கேள்வி தாகத்தைப் பற்றியது போலத் தோன்றினும், மாத்தளைப் பகுதியின் சரித்திரத்தை நோக்குவார்க்கு, அது கௌரவத்தையும் கடனையும் அரசாங்கத்தின் வருமானத்தையும் ஒருங்கே பற்றியதென்பது புலனாகும்.

மாத்தளையும் அடங்கியிருந்த கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்து, 1681இல் தன் நூலை வெளியிட்ட ஆங்கிலேயனாகிய ராபர்ட் நொக்ஸ், கித்துள் மரத்தின் இனிய பதநீரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றான். அப்பதநீர் விரைவிற் புளித்துக் கள்ளாகி, அதன்பின் நெடுநாள் நில்லாது கெடுவது. ஆகவே அதை முன்கூட்டி வாங்கிச் சேமித்தல் எவர்க்கும் இயலாது. அன்றன்று மரம் தந்ததே விருந்துக்கு அளவாயிற்று.

தென்னங்கள்ளினின்று வடிக்கப்படும் சாராயமோ கெடாதது. வண்டியிலேற்றி மலைநாட்டுக்கு அனுப்பத்தக்கது. அக்காரணத்தாலேயே வரி விதிப்பார்க்கும் உகந்தது. 1815இல் கண்டி வீழ்ந்தபின், சாராயம் விற்கும் உரிமையை ஆங்கில அரசாங்கம் ஏலத்தில் விட, கரையோரத்துத் தனவந்தர்கள் அக்குத்தகையை எடுத்து மலைநாடெங்கும் தவறணைகள் என்னும் சாராயக் கடைகளைத் திறந்தனர். இக்குத்தகையே இலங்கை முதலாளி வர்க்கத்தின் மூலதனத்துக்குப் பேரூற்றாயிருந்ததை ஆய்வாளர் குமாரி ஜயவர்த்தன விளக்கியுள்ளார். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாய் வந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளரின் சொற்பக் கூலியில் ஒரு பங்கு அத்தவறணைகளின் வழியே குத்தகைக்காரர்க்கும், அவர் வழியே அரசாங்கத்துக்கும் சென்றது. 

அத்தொழிலாளர் குடியிருந்த லயத்தில் நடந்த கலியாணத்தின் கணக்கை நாம் இங்ஙனம் உத்தேசிக்கலாம். நூறு ஆடவர் வருவராயின், அவருட் பாதிப்பேரே அருந்துவரெனக் கொண்டு, தலைக்குக் காற்போத்தல் வைப்பின் பன்னிரண்டரைப் போத்தலாகும். ஆறு போத்தல் ஒரு காலன் என்னும் பழைய அளவின்படி இது இரண்டு காலனுக்குச் சற்று அதிகம். ஆயினும் கணக்கு இத்துடன் நிற்பதில்லை. குறைந்துபோயிற்றென்னும் பேச்சு சம்பந்தி வீட்டில் தலைமுறைக்கும் நிற்குமாகையால், ஐந்தாறு போத்தல் கூட்டியே வாங்குவர். அதற்குக் கைப்பணம் போதாதெனிற் தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியின் முன்பணத்தை நாடுவர். தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணித்த கடன்சீட்டாகிய துண்டு 1921இல் ஒழியும்வரை, கலியாணத்தில் வழிந்த கௌரவம் அச்சீட்டில் ஏறக்கூடிய தொகையாகவே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுவிலக்கியக்கம் எழுந்து, 1904இலும் 1912இலும் வலுப்பெற்றது. ஆயினும் குத்தகைக்குப் பதிலாக 1912ஆம் வருஷத்து மதுவரிச் சட்டம் வந்தபோது, சில்லறை விற்பனைக்குரிய அளவுக்கு மேல் அனுமதியின்றி வைத்திருத்தலே குற்றமாயிற்று. ஆகவே கலியாண வீட்டார் விருந்தினரை மாத்திரமன்றிச் சட்டத்தையும் எண்ணிக் கணக்கிட வேண்டியவராயினர். பிற்காலத்திற் பௌர்ணமிப் போயா தினங்களில் மது விற்பனை தடைசெய்யப்பட, வளர்பிறை முகூர்த்தங்கள் பௌர்ணமியை அடுத்து வருதலும் உண்டாகையால், முன்னதாகவே வாங்கி வைக்கும் அவசியமும் சேர்ந்தது; முன்னதாக வாங்குவோர் சற்று அதிகமாகவே வாங்குவர்.

மிஞ்சிய போத்தலின் நஷ்டம் வீட்டாருக்கு. குறைந்த போத்தலின் அவமானமும் அவருக்கே. குத்தகைக் காலத்திலாயினும் மதுவரிக் காலத்திலாயினும், விற்ற ஒவ்வொரு போத்தலிலும் நஷ்டமின்றித் தன் பங்கைப் பெற்றது அரசாங்கம் ஒன்றே.