கைகாட்டியும் கணினி மொழியும்

தில்லியில் வாழும் நமக்குக் கோடை விடுமுறை என்றாலே முதல் கவலை ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட்தான். 1970-களில் அப்பாவோடு முன்பதிவு வரிசையில் நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு வண்டிக்கு ஒரு தடித்த பதிவேடு. அது எந்த எழுத்தர் கையில் இருக்கிறதோ அவர்தான் எழுத முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். "ஒரு நோட்டுக்கு இத்தனை பேரா?" என்று அப்பா அலுத்துக்கொள்வார். ஒரே படுக்கை இருவருக்குப் போகாமல் காத்ததே அந்த ஒரு நோட்டுதான் என்பது, நான் கணினித் துறைக்கு வந்த பிறகே புரிந்தது.

1985-இல் புதுதில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. எந்தக் கவுன்டரிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் வாங்கலாம். சரி, மீதமிருப்பது ஒரே இடம். அதை இரண்டு கவுன்டர்கள் ஒரே கணத்தில் படித்து, இரண்டும் விற்றுவிட்டால்?

இந்தச் சிக்கலுக்கு 1960-களிலேயே விடை தேடியவர் டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. அவர் தந்த கருவியின் பெயர் 'செமஃபோர்'. நம்ம ஊர் ரயில் நிலையத்துக் கைகாட்டிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். ஒருவர் உள்ளே இருக்கும்வரை அடுத்தவருக்குக் கை இறங்காது. ஆனால் அதை ஏற்றி இறக்கும் பொறுப்பு நிரல் எழுதுபவருடையது. ஓரிடத்தில் மறந்தாலும் விபத்து, அல்லது எல்லாமே ஸ்தம்பித்து நிற்கும்.

மனித மறதிக்கு மொழியே காவல் இருக்கட்டும் என்று 1970-களில் டோனி ஹோரும் பெர் பிரிஞ்ச் ஹான்சனும் நினைத்தார்கள். தரவையும் அதன் பூட்டையும் ஒன்றாகக் கட்டி 'மானிட்டர்' என்றார்கள். ஹான்சன் 1975-இல் வெளியிட்ட கன்கரன்ட் பாஸ்கல் மொழியில், பூட்டைத் தாண்டித் தரவைத் தொட்டால் கம்பைலரே நிரலை ஏற்காது. அப்பா பார்த்த அந்தப் பழைய பதிவேடும் எழுத்தரும்தான் இது!

இதெல்லாம் ஒரே கணினிக்குள். நம் பிரச்சினையோ இரண்டு ஊர் சம்பந்தப்பட்டது. போகும் டிக்கெட் தில்லிக் கணினியில், திரும்பும் டிக்கெட் சென்னைக் கணினியில். நடுவில் இணைப்பு அறுந்தால், சென்னையில் இடம் பதிவானதா இல்லையா? பதில் வராததை வைத்து இரண்டில் எதையும் சொல்ல முடியாது.

1980-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் உருவாக்கிய ஆர்கஸ் மொழி இதற்கும் மொழிக்குள்ளேயே இடம் தந்தது. தொடங்கிய வேலை முழுதாக முடியும். இல்லையேல் தொடங்காததுபோல அழிந்துவிடும். அரைகுறைக்கு இடமில்லை. ஆர்கஸ் பரவலான புழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் லிஸ்கோவுக்கு 2008-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1986-இல் பிறந்த எர்லாங் வேறு வழியில் போனது: எதையும் பங்குபோட வேண்டாம், கடிதம்போல் செய்தி அனுப்பிக்கொள்ளுங்கள் என்றது.

1999-இல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து முன்பதிவு மையங்களும் இணைந்தன. தில்லியில் நின்றபடியே சென்னையிலிருந்து திரும்பும் டிக்கெட்டையும் வாங்க முடிந்தது. ஊருக்குப் போய்த் திரும்பும் நமக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

நம் பிள்ளைகளில் பலர் இன்று நிரல் எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: பூட்டு வேகத்தைக் குறைக்கிறதே என்று அதை எடுக்கும் முன், மறுமுனையில் ஒரு குடும்பம் பெட்டி கட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.