தமிழ் வரலாற்று நாவல்களில் சமண, பௌத்தத் துறவியர்: ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

சேலத்தை அடுத்த ஆட்டையாம்பட்டியில் கல்கியின் நாவல்களைப் படித்தவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் அவர்களில் ஒரு தமிழ்ச் சமணரையோ பௌத்தரையோ நேரில் அறிந்தவர் மிகச் சிலரே இருப்பர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சமணர் சுமார் 89 ஆயிரம் பேர், பௌத்தர் சுமார் 11 ஆயிரம் பேர். தமிழ்ச் சமணர் பெரும்பாலும் வட மாவட்டங்களில் வாழ்கின்றனர். அவர்களின் மடம் மேல்சித்தாமூரில் உள்ளது. சேலத்துக் கடைவீதியில் 'சேட்டு' என்று அழைக்கப்படுவோரில் பலர் சமணரே. எனினும் நாவலில் வரும் துறவியையும் அந்தக் கடைக்காரரையும் வாசகர் மனம் இணைத்துப் பார்ப்பதில்லை. இவ்வாறு நேர்ப்பழக்கம் இல்லாத இடத்தில் ஒரு சமயத்தாரின் உருவத்தை நாவலே தீர்மானிக்கிறது. அந்த உருவம் எவ்வாறு அமைகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. ஒப்பீடு: மார்மன் சபையினர்

இவ்வாறு நாவல் ஒரு சமயத்தாரின் உருவத்தைத் தீர்மானித்ததற்கு அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றை முதலில் பார்க்கலாம். ஜோசப் ஸ்மித் 1830இல் அமெரிக்காவில் நிறுவிய மார்மன் சபையினர், எதிர்ப்புக்கு அஞ்சி மேற்கே சென்று 1847இல் யூட்டா பகுதியில் குடியேறினர். பலதார மணம் அவர்களிடையே இருந்தது. 1890இல் சபைத் தலைமை அதைக் கைவிடுவதாக அறிவித்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் அறிமுகமான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' 1887இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பகுதியில் ரகசியக் கொலைப்படையும், வலுக்கட்டாயமாக மணமுடிக்கப்பட்டு மாண்டுபோகும் இளம்பெண்ணும் வருகிறார்கள். அதை எழுதியபோது கானன் டாயில் யூட்டாவைப் பார்த்ததில்லை. 1923இல் அவர் சால்ட் லேக் சிட்டிக்குச் சொற்பொழிவாற்றச் சென்றபோது மார்மன் மக்கள் அவரை அன்போடு வரவேற்றனர்.

அந்தக் கதையை மூன்று கூறுகள் தாங்குகின்றன: சமயப் போர்வைக்குள் காமம், கண்ணுக்குத் தெரியாத உளவு வலை, சிறைப்பட்ட பெண்.

3. தமிழ் மரபின் இரு போக்குகள்

3.1 மதிப்பு: சிலப்பதிகாரத்தின் கவுந்தியடிகள் சமணத் துறவி. கோவலனையும் கண்ணகியையும் மதுரை வரை அழைத்துச் செல்கிறார். அவர்களுக்கு நேர்ந்ததைக் கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கிறார். மணிமேகலை பௌத்தக் காப்பியம். சீவக சிந்தாமணி சமணர் இயற்றியது. இங்கே துறவியைப் பற்றி எழுதியவர்கள் அந்த வாழ்வை உள்ளிருந்தோ அருகிருந்தோ அறிந்தவர்கள்.

3.2 பகடியும் பகையும்: ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' சைவப் பிரிவினரான காபாலிகரையும் பாசுபதரையும் பௌத்த பிக்ஷுவையும் ஒருசேரக் கேலி செய்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்திலோ, ஏழாம் நூற்றாண்டுச் சைவ நாயன்மாரான சம்பந்தரிடம் வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் மதுரையில் கழுவேறுகின்றனர். சம்பந்தருக்கும் சேக்கிழாருக்கும் இடையே சுமார் ஐந்நூறு ஆண்டுகள். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி இக்கழுவேற்றத்தை வரலாறாக ஏற்கவில்லை. மதுரையைச் சுற்றியுள்ள ஆனைமலை, கீழக்குயில்குடி ஆகிய இடங்களில் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருப்பதால், அங்கே சமணம் பிற்காலத்திலும் வாழ்ந்தது தெளிவு.

4. கல்கியின் இருவகைப் பிக்ஷுக்கள்

4.1 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை தொடராக வந்தது. அதில் நாகநந்தி பௌத்த பிக்ஷு. சாளுக்கிய மன்னன் புலிகேசியோடு உருவ ஒற்றுமை உடையவர், அவனுக்காகக் காஞ்சியில் உளவு பார்ப்பவர், ஆடல் நங்கை சிவகாமியின் கலைமேல் தீராத மோகம் கொண்டவர். சிவகாமியோ வாதாபியில் சிறைப்படுகிறாள். டாயிலிடம் கண்ட மூன்று கூறுகளும் இங்கே ஒன்றுவிடாமல் வந்துவிடுகின்றன. ஆனால் கதை நிகழும் அதே ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், அங்கே நூறளவு விகாரங்களையும் பத்தாயிரம் துறவிகளையும் குறிப்பிடுகிறார். நாவலை மட்டும் படித்தவர் நினைவில் அவர்களுள் ஒருவரே தங்குகிறார், அவர் ஒற்றர்.

4.2 'பொன்னியின் செல்வன்' 1950இல் தொடங்கியது. அதில் காய்ச்சலில் கிடக்கும் சோழ இளவரசன் அருள்மொழிவர்மனை நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துப் பிக்ஷுக்கள் மறைத்து வைத்துக் காப்பாற்றுகின்றனர். அவர்கள் கருணையே உருவானவர்கள்.

ஒரே ஆசிரியர், ஒரே சமயம், நேர் எதிரான இரு சித்திரங்கள். ஆகவே கல்கிக்குப் பௌத்தத்தின்மேல் வெறுப்பு என்று முடிவுகட்ட இடமில்லை. நாகநந்தி பகை மன்னனைச் சார்ந்தவர்; நாகப்பட்டினத்துப் பிக்ஷுக்கள் சோழரைச் சார்ந்தவர்கள். எந்த அரசன் பக்கம் நிற்கிறார் என்பதே துறவியின் குணத்தைத் தீர்மானிக்கிறது. பின்னர் வந்த ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) பௌத்தனான அஜிதனை வாதத்தில் வெல்லும் அறிஞனாக நிறுத்துகிறது. அங்கே சமயம், அரசியல் வேடமாகச் சுருங்காமல், சிந்தனையாகவே பேசப்படுகிறது.

5. மாற்று வழி: கேட்டறிதல்

டாயிலின் நாவல் வந்த அதே 1887இல்தான் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் சைவர். நூலில் புரியாத சமணச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். சமயக் கருத்தை ஏற்காமலேயே அதைச் சரியாக எடுத்துரைக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. மயிலை சீனி வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' (1940), 'சமணமும் தமிழும்' (1954) ஆகியவை அவ்வழியில் வந்தவை. முந்தைய நூல், நாகநந்தி பிறப்பதற்கு முன்பே அச்சில் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

6. சேலம் வட்டாரச் சான்று

சேலம் மாவட்டத்தில் ஆத்தூர் அருகேயுள்ள தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் உள்ளன. சேலம் நகரில் தலைவெட்டி முனியப்பனாக வழிபடப்பட்ட சிலை புத்தர் சிலையே என்று தொல்லியல் துறை அறிக்கை அளித்தது. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. பௌத்தம் இவ்வட்டாரத்துக்கு அந்நியம் அல்ல என்பதற்கு இக்கற்களே ஆதாரம்.

7. முடிவு

வெகுசனப் புனைகதையில் சிறுபான்மைச் சமயத்தார் தீயவராவதற்கு ஆசிரியரின் பகை கட்டாயமில்லை. கதையின் விறுவிறுப்புத் தேவையும், தட்டிக் கேட்க அருகில் ஆள் இல்லாமையுமே போதும். நாவலைத் தடுப்பதோ திருத்துவதோ தீர்வாகாது. சேலம், நாமக்கல் கல்லூரிகளில் 'சிவகாமியின் சபதம்' கற்பிக்கும் ஆசிரியர்கள் அதனுடன் சீனி வேங்கடசாமியையும் படிக்கச் சொல்லி, மாணவரை ஒருமுறை தியாகனூருக்கும் அழைத்துச் செல்ல வேண்டும்.