கரிமக் கணக்கு: ஊராட்சி மன்றம் எதை எண்ணுகிறது?

கரிம வெளியேற்றத்தைக் குறைக்க முனையும் ஊராட்சி மன்றம் முதலில் ஓர் ஆண்டை அடிப்படையாக வைத்துக்கொள்கிறது. அவ்வாண்டின் மின்சார, தண்ணீர் ரசீதுகள், வாகன எரிபொருள், குப்பையின் எடை ஆகியவை கரிம அளவாக மாற்றப்படுகின்றன. பிந்தைய ஆண்டுகள் அதனுடன் ஒப்பிடப்படும். மலேசியாவில் இதற்கு வழிகாட்டி, 2011இல் வெளிவந்த குறைந்த கரிம நகரங்கள் கட்டமைப்பு. மின்சாரம், தண்ணீரை மிச்சப்படுத்தும் வீடுகளுக்கு மதிப்பீட்டு வரிக் கழிவு வழங்கும் திட்டத்தை பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம் நடத்தியுள்ளது.

தெருவிளக்கை எல்இடிக்கு மாற்றினால் பலன் அடுத்த மாத ரசீதிலேயே தெரியும். அதனால்தான் மன்றங்கள் விளக்கிலிருந்து தொடங்குகின்றன. ஆனால், தோட்டம் தனியார் நிலம் என்று மன்றத்தின் குப்பை லோரி நுழையாத இடங்களில், லயத்துக்குப் பின்னால் எரியும் குப்பைக்கு எடையும் இல்லை, ரசீதும் இல்லை.